‘எக்ஸ்பெரிமென்ட் பண்ணு’ என்றால் என்ன செய்வது?

கலைக்கல்லூரியிலோ டிசைன் படிப்பிலோ சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒரு வாசகம் காதில் விழும்: “நல்லா எக்ஸ்பெரிமென்ட் பண்ணுங்க.” சொல்லிவிட்டு ஆசிரியர் அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடுவார். எப்படிப் பண்ணுவது என்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. பிளஸ் டூ வரை ஒரு கேள்விக்கு ஒரு விடை, அதற்கு ஐந்து மதிப்பெண் என்று பழகி வந்த பிள்ளைக்கு அந்த ஒரு வரி போதாது.

அப்போது இரண்டில் ஒன்று நடக்கிறது. சிலர் கை ஓடாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். நான் அந்த வகை. நல்ல தடித்த தாள் போட்ட ஸ்கெட்ச்புக் ஒன்றை ஆசையாக வாங்கிவிட்டு, முதல் பக்கம் பாழாகிவிடுமோ என்ற பயத்தில் ஒரு செமஸ்டர் முழுக்க அதைத் திறக்கவே இல்லை. இன்னும் சிலர் நேர் எதிராகப் போவார்கள். இருக்கிற நிறத்தையெல்லாம் கொட்டி, காபித்தூள், உப்பு, நூல், செய்தித்தாள் துண்டு என்று கிடைத்ததை எல்லாம் ஒட்டி ஒரு பெரிய ஷீட்டை நிரப்பிவிடுவார்கள். பார்க்கக் கண்ணைப் பறிக்கும். “இதில் என்ன தெரிந்துகொண்டாய்?” என்று கேட்டால்தான் பதில் வராது. ஒரே நேரத்தில் பத்து விஷயத்தை மாற்றிவிட்டதால் எது எதனால் வந்தது என்று செய்தவருக்கே தெரியாது.

இரண்டு பேருடைய சிக்கலும் ஒன்றுதான். ‘சுதந்திரமாக’ என்பதை ‘எதை வேண்டுமானாலும்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்றால் எங்கே தொடங்குவது?

நம் வாசலிலேயே இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. சிக்குக் கோலம் போடுகிறவரைக் கவனித்திருப்பீர்கள். ஐந்து புள்ளி, ஐந்து வரிசை. வைத்தது வைத்தபடி இருக்கும். கம்பி, அதாவது கோலத்தின் கோடு, புள்ளியைத் தொடாமல் சுற்றி வந்து, தொடங்கிய இடத்தில் முடிய வேண்டும். இவ்வளவுதான் விதி. மாறுவது கம்பி போகும் வழி மட்டும். அந்தச் சின்னக் கட்டத்துக்குள்ளேயே மார்கழி முழுக்க நாளுக்கொரு கோலம் வந்துகொண்டிருக்கும். முந்தின நாள் இரவு நோட்டில் பென்சிலால் போட்டுப் பார்ப்பார்கள். கம்பி எங்காவது முட்டிக்கொண்டால் வருத்தப்பட மாட்டார்கள், அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். வாசலில் போட்டதும் நாளைக்குத் தண்ணீர் தெளித்தால் போய்விடும் என்று தெரியும். அதனால் கையில் பயமும் இருக்காது.

சோதித்துப் பார்ப்பது என்பதன் உடம்பு முழுவதும் இதில் இருக்கிறது. சிலவற்றை அசையாமல் நிறுத்திவிட்டு ஒன்றை மட்டும் அசைப்பது, அழிந்தாலும் பரவாயில்லை என்கிற மலிவான பொருளில் செய்வது, என்ன ஆகிறது என்று பார்ப்பது. இனி இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். அதற்கு நூறு வருடம் பின்னால், ஜெர்மனிக்குப் போக வேண்டும்.

1919இல் வைமர் நகரில் வால்டர் குரோப்பியஸ் என்ற கட்டடக்கலைஞர் பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியைத் தொடங்கினார். மரவேலை, நெசவு, உலோகம், சுவரோவியம் என்று பட்டறைகள் இருந்தன. எந்தப் பட்டறைக்குள்ளும் நேராக நுழைய முடியாது. அதற்கு முன்னால் ஒரு தொடக்கப் பயிற்சியை முடிக்க வேண்டும். இன்று உலகெங்கும் டிசைன் கல்லூரிகளில் ‘ஃபவுண்டேஷன்’ என்று நடப்பதில் பெரும்பகுதி அந்தப் பயிற்சியின் வழியில் வந்ததுதான். முதலில் அதை நடத்தியவர் யோஹனஸ் இட்டன். 1923இல் அவர் விலகிய பிறகு லாஸ்லோ மொஹொலி-நாகியும் யோசஃப் ஆல்பர்ஸும் பொறுப்பேற்றார்கள்.

ஆல்பர்ஸைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 1920இல் அவர் பௌஹவுஸில் மாணவராகச் சேர்ந்தபோது வயது 32. அதற்கு முன் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பொருள் வாங்கக் கையில் காசில்லை. முதுகில் ஒரு பையும் கையில் சுத்தியலுமாக வைமர் நகரத்துக் குப்பைமேட்டுக்குப் போய், உடைந்த பாட்டில்களையும் கண்ணாடித் துண்டுகளையும் பொறுக்கி வந்தார். அவற்றைக் கம்பியால் கட்டி, வெளிச்சத்தில் தொங்கவிடும் படங்களாக ஆக்கினார். சுவரோவியப் பட்டறைக்குப் போகச் சொன்னார்கள். அவர் கண்ணாடியை விடவில்லை. கடைசியில் கண்ணாடிப் பட்டறையை அவரிடமே ஒப்படைத்தார்கள். பொருள் மலிவாக இருந்தால்தான் துணிந்து சோதிக்க முடியும் என்பது அவருக்குப் பாடமாக வந்ததில்லை, வாழ்ந்து தெரிந்துகொண்டது.

பின்னாளில் அவருடைய வகுப்பில் இருந்த ஹானஸ் பெக்மன் என்ற மாணவர் முதல் நாள் வகுப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆல்பர்ஸ் ஒரு கட்டு செய்தித்தாளோடு உள்ளே வந்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார். நம்மிடம் வசதி இல்லை, பொருளையும் நேரத்தையும் வீணாக்கக் கூடாது, இந்தத் தாளிலிருந்து இப்போது இருப்பதைவிடக் கூடுதலான ஒன்றைச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சில மணி நேரம் கழித்துத் திரும்பினார். மேசைகளில் கோட்டை, விமானம், படகு, முகமூடி, விலங்கு என்று எல்லாம் இருந்தன. அவற்றை அவர் ஏற்கவில்லை. இவற்றை வேறு பொருளில் இன்னும் நன்றாகச் செய்திருக்கலாமே என்றார்.

அப்புறம் ஒரு மூலையில் இருந்த மிக எளிய ஒன்றைக் காட்டினார். ஹங்கேரியிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞர் செய்தது. மேலிருந்து கீழாகத் தாளை மடித்திருந்தார், அவ்வளவுதான். தாள் மடக்குத் தட்டி போல மேசையில் நின்றது. தளர்ந்து கிடக்கும் தாள் ஒரு மடிப்பில் விறைத்துப்போய் அதன் மிக ஒடுங்கிய பகுதியான விளிம்பிலேயே நிற்கிறது என்பதை ஆல்பர்ஸ் விளக்கினார். மேசையில் படுத்திருந்தபோது ஒரு பக்கம் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. நின்ற பிறகு இரண்டு பக்கமும் தெரிகின்றன என்பதையும் சொன்னார்.

கோட்டை செய்த மாணவர்கள் சோம்பேறிகள் அல்ல. அந்த இளைஞரைவிட அதிகமாகவே உழைத்திருப்பார்கள். ஆனால் கோட்டை அவர்கள் தலைக்குள் ஏற்கெனவே இருந்தது. தாளை அதற்குள் இழுத்து அடைத்தார்கள். வேலை முடியும்போது தாளைப் பற்றி அவர்களுக்குப் புதிதாக எதுவும் தெரிந்திருக்காது. ஹங்கேரி இளைஞர் தாளிடமே ஒன்றைக் கேட்டார்: நீ நிற்பாயா?

நான் சோதனை என்று சொல்வது இதைத்தான். விடை தெரியாத ஒரு சின்னக் கேள்வியைக் கையிலிருக்கும் பொருளிடம் கேட்பது. கேள்வி எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. ‘மழையை வரையப் போகிறேன்’ என்பது கேள்வியே இல்லை. ‘இண்டியன் இங்க் சொட்டு, உலர்ந்த தாளில் விழுந்தால் எவ்வளவு பரவும், ஈரத் தாளில் எவ்வளவு, ஐந்து நிமிடம் காயவிட்ட தாளில் எவ்வளவு?’ என்பது நல்ல கேள்வி. அரை மணி நேரத்தில் விடை கிடைக்கும். அதற்குப் பிறகு மழையை வரையப் போகும்போது, அந்த மை எங்கே நிற்கும், எங்கே ஓடும் என்று உங்கள் கைக்குத் தெரிந்திருக்கும்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு பயிற்சி சொல்கிறேன். இதுவும் ஆல்பர்ஸ் மாணவர்களுக்குக் கொடுத்ததுதான். ஒரே நிறத்தை இரண்டு நிறமாகக் காட்டு என்பார். பெயின்ட் வேண்டாம், வண்ணத்தாள் போதும். பெயின்ட் கலக்கும்போது ஒவ்வொரு தடவையும் நிறம் கொஞ்சம் மாறிவிடும். ஒரே தாளிலிருந்து வெட்டிய இரண்டு துண்டின் நிறம் மாறவே மாறாது. ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் வண்ணத்தாள்களில் ஒரு நல்ல மஞ்சளும் ஓர் அடர்நீலமும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் உள்ளங்கை அளவுக்காவது பெரிதாக இருக்கட்டும். இப்போது சாம்பல் நிறத் தாள் ஒன்றிலிருந்து தீப்பெட்டிப் பட்டை அளவில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை மஞ்சள் நடுவிலும் இன்னொன்றை நீலத்தின் நடுவிலும் வையுங்கள். மஞ்சளில் இருப்பது கருத்துத் தெரியும். நீலத்தில் இருப்பது வெளுத்துத் தெரியும். பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். இரண்டும் வேறு வேறு தாள் என்றுகூடச் சொல்லலாம். பிறகு இரண்டு துண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டுங்கள்.

இங்கேதான் பயிற்சி தொடங்குகிறது. அதே மஞ்சள், அதே நீலம், அதே அளவு. நடுத்துண்டின் நிறத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போங்கள். பழுப்பு, இளம்பச்சை, செங்கல் நிறம் என்று ஒவ்வொன்றாக. எந்த நிறம் மிக அதிகமாக வேஷம் மாற்றுகிறது? எது மசியவே மாட்டேன் என்கிறது? இருபது நிறம் போட்டுப் பார்ப்பதற்குள், புத்தகத்தில் படித்து வராத ஒரு தெளிவு வந்துவிடும். அப்புறம் நடுத்துண்டை நிலையாக வைத்துப் பின்னணியை மாற்றலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்.

இது ஏன் நடக்கிறது என்றால், கண் நிறத்தைத் தனியாக அளப்பதில்லை, பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டே பார்க்கிறது. பாரிஸில் கோப்லான் என்ற புகழ்பெற்ற அரச நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த ஷெவ்ரோல் என்ற வேதியியலாளரிடம், கருப்பு நூலில் சாயம் சரியாக ஏறவில்லை என்று புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை. பக்கத்து நூலின் நிறம்தான் கருப்பை மங்கச் செய்திருந்தது. 1839இல் அவர் இதை ஒரு பெரிய நூலாக எழுதினார். நம் ஊரில் ஜவுளிக்கடைக்காரர் பிளவுஸ் துணியைத் தனியே காட்டாமல் சேலை மேல் விரித்துக் காட்டுவதிலும் இதே அறிவு இருக்கிறது.

டிசைன் மாணவருக்கு, அதிலும் எழுத்துருவில் ஆசை உள்ளவருக்கு, இன்னொரு பயிற்சியை நானே கொடுப்பதுண்டு. ‘ழ’ என்ற ஓர் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அளவு மாறக் கூடாது, கருப்பு மை மட்டும். மாறுவது எழுதும் கருவி. பட்டை பிரஷ், ஈர்க்குச்சி, ஐஸ்கிரீம் குச்சி, தீக்குச்சி, பஞ்சு, வெட்டிய வெண்டைக்காய், விரல் என்று போகலாம். முதல் சுற்றில் கருவி எழுத்தை என்ன செய்கிறது என்று தெரியும். இரண்டாவது சுற்றில் கருவியை நிறுத்திவிட்டு எழுத்தின் உறுப்புகளைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். எந்தக் கோட்டை எடுத்தால் அது ‘ம’ ஆகிவிடுகிறது? எவ்வளவு சுருக்கினால் ‘மு’வோடு குழம்புகிறது? எங்கே வரை போனாலும் ‘ழ’ என்றே படிக்க முடிகிறது? தமிழ் எழுத்தில் லோகோ செய்ய வேண்டி வரும் நாளில் இந்தத் தாள்கள்தான் கைகொடுக்கும். தமிழ் சிறுபத்திரிகைகளையும் பழைய நூல் அட்டைகளையும் பார்த்தவர்களுக்கு ஓவியர் ஆதிமூலத்தின் எழுத்துகள் நினைவிருக்கும். பிரஷ் ஓடிய வேகம் எழுத்தில் தெரியும், படிக்கவும் தடையிருக்காது.

ஆதிமூலம் பெயர் வந்துவிட்டதால் எண்ணிக்கை பற்றியும் சொல்லிவிடுகிறேன். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து வந்த அவர், காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டி காந்தி ஒருவரையே வைத்துக் கோட்டோவியங்களாக ஒரு நீண்ட வரிசை வரைந்தார். ஆள் ஒருவர், மை ஒன்று. மாறியது கோடு. ஒருவரையே திரும்பத் திரும்ப வரையும்போதுதான் கோடு தன்னால் என்னென்ன முடியும் என்று காட்ட ஆரம்பிக்கிறது. ஆல்பர்ஸும் அப்படித்தான். 1950இல் தொடங்கி 1976இல் இறக்கும்வரை, சதுரத்துக்குள் சதுரம் என்ற ஒரே அமைப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்கள் செய்தார். அமைப்பு கிட்டத்தட்ட மாறவே இல்லை. நிறம் மட்டும் மாறியது.

ஆயிரம் வேண்டாம். நீங்கள் இருபதுக்குப் போங்கள். என் அனுபவத்தில் முதல் ஐந்தாறு, கை ஏற்கெனவே அறிந்ததாகவே இருக்கும். எங்கோ பார்த்தது, பின்டரெஸ்டில் சேமித்து வைத்தது, சீனியர் செய்தது எல்லாம் அங்கே வந்து தீர்ந்துவிடும். எட்டு ஒன்பதில் அலுப்பு வரும். பெரும்பாலானவர்கள் நிறுத்துவது அங்கேதான். அந்த அலுப்பைத் தாண்டி உட்கார்ந்தால், இனி என்ன செய்வது என்று தெரியாததாலேயே கை வேறொன்றைச் செய்துவிடும். என்னிடம் வருகிற மாணவர்களிடம் முதல் பத்து முடியும்வரை ரெஃபரன்ஸ் பார்க்காதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன். பத்துக்குப் பிறகு தாராளமாகப் பாருங்கள். அப்போது உங்கள் கையில் ஒரு கேள்வி இருக்கும். மற்றவர் வேலையை நகலெடுக்கப் பார்க்க மாட்டீர்கள், அவர் அந்தக் கேள்விக்கு என்ன செய்தார் என்று பார்ப்பீர்கள்.

செய்ததைக் குறித்து வைப்பதும் சோதனையில் பாதி. ஆல்பர்ஸ் அந்தச் சதுர ஓவியங்களின் பின்பக்கத்தில் எந்த நிறுவனத்தின் எந்த நிறத்தை எங்கே பூசினார் என்று எழுதி வைப்பார். நீங்களும் தாளின் பின்னால் பென்சிலால் இரண்டு வரி எழுதுங்கள்: எதை மாற்றினேன், என்ன ஆனது. ‘நன்றாக இருக்கிறது’, ‘மோசம்’ என்று எழுதாதீர்கள், அதில் பயனில்லை. ‘மெழுகு தடவிய இடத்தில் மை ஏறவில்லை, ஓரத்தில் மட்டும் திரண்டது’ என்று எழுதினால் அடுத்த வருடமும் உதவும். கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவர்கள் ஒரே ஃபைலின் மேலேயே சேமிக்காமல் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனி ஃபைலாகச் சேமியுங்கள். செய்ததைத் திரும்பப் பெறும் கன்ட்ரோல்-இசட் அழித்துவிட்டுப் போகிற பாதி விஷயங்கள் பார்க்க வேண்டியவை.

சரி, வீணாய்ப் போனதை என்ன செய்வது? வைத்துக்கொள்ளுங்கள். ஆல்பர்ஸின் மனைவி அன்னி, பௌஹவுஸில் விருப்பமில்லாமல்தான் நெசவுப் பட்டறைக்குப் போனார். பெண்களுக்குப் பெரும்பாலும் அந்தக் கதவுதான் திறந்திருந்தது. நூல் அவருக்கு முதலில் பிடிக்கவில்லை. பிறகு அந்த நூலோடு எதெது சேரும் என்று பார்க்கத் தொடங்கினார். பெர்னாவ் என்ற ஊரில் ஒரு தொழிற்சங்கப் பள்ளியின் அரங்கத்துக்கு, பருத்தியோடு செலோஃபேன் இழையைச் சேர்த்து ஒரு சுவர்த்துணி நெய்தார். ஒரு பக்கம் வெளிச்சத்தைத் திருப்பியனுப்பும், மறுபக்கம் எதிரொலியை விழுங்கும். பின்னாளில் அமெரிக்காவின் பிளாக் மௌன்டன் கல்லூரியில், மாணவர் ஒருவரோடு சேர்ந்து பேப்பர் கிளிப், வாஷர், பாத்திரம் கழுவும் தொட்டியின் வடிகட்டி ஆகியவற்றைக் கோத்துக் கழுத்தணிகள் செய்தார். வடிகட்டி இதற்குத்தான் என்று முடிவு கட்டிவிட்ட கண்ணுக்கு அதில் கழுத்தணி தெரியாது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மாணவர்கள் கேட்கிற கேள்வி நியாயமானது. வெள்ளிக்கிழமை சப்மிஷன், திங்கள் ஜூரி, அதாவது வேலையை மதிப்பிடும் குழு முன்னால் நிற்க வேண்டும். இருபது தாள் போட நேரம் எங்கே? மதிப்பெண் வேண்டாமா? வேண்டும்தான். அதனால் இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். 1966இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். ஓவியத்தை மட்டும் விற்று வாழ முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். மெழுகு பூசிச் சாயமேற்றும் பேட்டிக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்றார்கள். நிலம் வாங்கவும் வீடு நடத்தவும் அந்தப் பணம் உதவியது. மிச்ச நேரத்தில் வரைந்த ஓவியத்துக்கு, யாருக்குப் பிடிக்கும், விற்குமா என்ற கவலை இல்லாமல் போனது. மாணவர் வாழ்க்கையிலும் அதைச் செய்யலாம். சப்மிஷன் வேலை அதன் வழியில் ஒழுங்காக நடக்கட்டும். தினமும் முக்கால் மணி நேரம் யாருக்கும் காட்டத் தேவையில்லாத தாள்களுக்கு ஒதுக்குங்கள். மூன்று வாரத்தில் அந்தத் தாள்கள் சப்மிஷனுக்குள் தானாக நுழைந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். மதிப்பிடும்போது கடைசி ஷீட்டை மட்டும் பார்த்தால் மாணவர் கடைசி ஷீட்டை மட்டும்தான் செய்வார். சோதனைத் தாள்களையும் மேசைமேல் பரப்பச் சொல்லி, அவற்றுக்கும் மதிப்பெண் கொடுத்தால் வகுப்பின் நடை ஒரே மாதத்தில் மாறிவிடுகிறது.

இன்றைக்கே தொடங்க விரும்புகிறவர்களுக்கு: பழைய செய்தித்தாளை நான்காகக் கிழித்து இருபது துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். கத்தரி, பசை, மை எதுவும் வேண்டாம். மடிப்பு மட்டும். ஒவ்வொரு துண்டும் மேசையில் தானாக நிற்க வேண்டும், ஒன்றுபோல் இன்னொன்று நிற்கக் கூடாது. முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு பக்கத்திலிருந்து மொபைல் டார்ச்சை அடித்துப் பாருங்கள். சுவரில் விழும் நிழல்களில் எது உங்களை நிறுத்துகிறதோ, அந்தத் தாளின் ஓரத்தில் ‘ஏன்?’ என்று எழுதி வையுங்கள். நாளைய கேள்வி அது.